டிராயிங் பீரியடில் வடிவமைப்பு

‘வடிவமைப்புச் சிந்தனை’ என்ற சொல் நம் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அதைத் திறன் பாடங்களில் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த புத்தாக்கத் திட்டத்திலும் இந்தச் சொல் புழங்குகிறது. தனியார் பள்ளிகளின் விளம்பரத் தட்டிகளில் ரோபோவுக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. எல்லோரும் இதைப் புதுச்சரக்காகவே இறக்குகிறார்கள். ஆனால் ஐரோப்பாவிலும் அதன் வழியாக இந்தியாவிலும் அரசு செலவில் ஓவியம் கற்பிக்கத் தொடங்கியதே பெரும்பாலும் வடிவமைப்புக்காகத்தான்.

1835-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு குழுவை அமைத்தது. அதன் பின்னே இருந்தது வியாபாரக் கவலை. இங்கிலாந்தின் ஆலைகள் துணியை மலிவாக நெய்து தள்ளின. துணியின் மேலிருந்த பூவேலையில் பிரான்ஸ் முந்திக்கொண்டிருந்தது. அந்தக் குழுவின் முயற்சியால் 1837-இல் லண்டன் சாமர்செட் மாளிகையில் அரசு வடிவமைப்புப் பள்ளி திறக்கப்பட்டது. 1851-இன் மாபெரும் கண்காட்சிக்குப் பிறகு ஹென்றி கோல் பொறுப்புக்கு வந்தார். அவருடைய துறை நாடு முழுவதற்கும் ஒரே ஓவியப் பாடத்திட்டத்தை வகுத்தது. அதில் 23 படிகள். முதலில் நேர்கோடு, பிறகு வளைகோடு, பிறகு அச்சடித்த அலங்கார வடிவத்தைப் பார்த்து அப்படியே வரைவது, பிறகு நிழல் போடுவது. சொந்தமாக ஒரு வடிவத்தை உருவாக்குவது ஏணியின் உச்சியில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதன் அடிப்படிகளிலேயே பள்ளியை முடித்துக்கொண்டார்கள்.

அந்த ஏணி இந்தியாவுக்கும் கப்பலேறி வந்தது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளி இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் மூலம். அங்கே ஓவியத்தோடு மண்பாண்டமும் செதுக்கு வேலையும் கற்பித்தார்கள். தொழிலுக்கு உதவும் கை தேவைப்பட்டது. நம் ஊரில் ஓவிய ஆசிரியராக விரும்பியவர்கள் எழுதிய அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் ‘ஃப்ரீ ஹேண்ட் அவுட்லைன்’, ‘மாடல் டிராயிங்’ என்ற பெயர்கள் இருந்ததை நினைத்துப் பாருங்கள். அவை ஹென்றி கோலின் துறை இயங்கிய லண்டன் சவுத் கென்சிங்டனிலிருந்து வந்தவை. சதுரத்துக்குள் நாலு இதழ்ப் பூவைப் போட்டு மூலைக்கு மூலை இலை வைத்து, அதற்கு ‘டிசைன்’ என்று தலைப்பிட்ட நோட்டுப் பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கும் நினைவிருக்கும்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897-இல் தொடங்கிய சிறுவர் கலை வகுப்பில், குழந்தை தன் மனத்தில் இருப்பதைத் தானே வரையட்டும், பெரியவர் குறுக்கே வரவேண்டாம் என்பதே கொள்கை. இருபதாம் நூற்றாண்டின் கலைக் கல்வியை அது புரட்டிப்போட்டது. நகலெடுக்கும் வதை குறைந்தது. அது பெரிய விடுதலை. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. எல்லாமே ‘உன் மனத்தில் தோன்றியது’ என்றானபோது, செய்த பொருள் இன்னொருவருக்குப் பயன்பட்டதா என்ற கேள்வி வகுப்பை விட்டு வெளியேறியது. சேவாகிராமத்தில் கைத்தொழில் வழியான ஆதாரக் கல்வியோடு ஓவியமும் மண்பாண்டமும் கற்பித்த தேவி பிரசாத் போன்ற சிலர் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டார்கள். அந்த வழி நம் பொதுப் பள்ளிகளுக்கு வந்து சேரவில்லை.

ஆகவே நம் ஓவிய ஆசிரியர் இரண்டு பரம்பரைகளின் வாரிசு. ஒன்று நகலெடுக்கச் சொல்கிறது, மற்றது மனம்போல வரையச் சொல்கிறது. யாருக்காக, எந்த வரம்புக்குள், சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது ஆகிய கேள்விகளை இரண்டுமே கேட்பதில்லை. வடிவமைப்பு ஓவிய வகுப்புக்குத் தரக்கூடியது இந்தக் கேள்விகளைத்தான்.

அந்தக் கேள்விகளைப் பள்ளிக்குள் முறையாகக் கொண்டுவர முயன்ற நாடு மீண்டும் இங்கிலாந்துதான். 1970-களின் நடுவில் லண்டன் அரச கலைக் கல்லூரியில் புரூஸ் ஆர்ச்சர் தலைமையில் பொதுக் கல்வியில் வடிவமைப்பின் இடம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. பொறியாளராகப் பயின்றவர் ஆர்ச்சர். பள்ளி இரண்டு அறிவுப் புலங்களை மட்டுமே அங்கீகரிக்கிறது என்று அவர் வாதிட்டார்: அறிவியல் ஒன்று, மானுடப் பண்பியல் துறைகள் மற்றொன்று. அறிவியலுக்கு எண்ணும் குறியீடும் மொழி. மற்றதற்கு எழுத்தும் பேச்சும். மூன்றாவதாக ஒரு புலம் இருக்கிறது, அதன் மொழி மாதிரி செய்வது என்றார். கோட்டுப்படம், களிமண் உருவம், அட்டைப் பெட்டியில் வெட்டிய மாதிரி எல்லாம் அந்த மொழியின் வாக்கியங்கள். வடிவமைப்பு ஆய்வாளர் நைஜல் கிராஸ் 1982-இல் எழுதிய கட்டுரை இந்த வாதத்தை இன்னும் கூர்மையாக்கியது.

இது வெறும் கொள்கைப் பேச்சாக இருந்திருந்தால் மறந்துபோயிருக்கும். அதற்குச் சான்று தந்தவர்களில் ஒருவர் கட்டடக் கலை ஆய்வாளர் பிரையன் லாசன். அவர் ஒரு சிறு சோதனை நடத்தினார். பக்கங்களில் சிவப்பும் நீலமும் பூசிய மரக்கட்டைகள். ஒரு செவ்வகத்துக்குள் அவற்றை அடுக்க வேண்டும். வெளிச்சுவரில் முடிந்தவரை ஒரே நிறம் தெரிய வேண்டும். இதில் மறைவான விதி ஒன்றும் உண்டு: குறிப்பிட்ட சில கட்டைகள் இருந்தால்தான் அடுக்கு செல்லும். அந்த விதி பங்கேற்பவருக்குச் சொல்லப்படாது. அடுக்கிக் காட்டினால் செல்லும், செல்லாது என்ற பதில் மட்டும் வரும். அறிவியல் முதுகலை மாணவர்கள் முதலில் விதியைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். கட்டைகளை மாற்றி மாற்றி வைத்துத் தகவல் சேர்த்தார்கள். கட்டடக் கலை முதுகலை மாணவர்கள் நிறம் மிக நன்றாக வரும் அடுக்கை நேரே செய்து காட்டினார்கள். செல்லாது என்றால் அடுத்த நல்ல அடுக்கு. தோல்விகளிலிருந்து விதி அவர்களுக்கு மெல்லப் பிடிபட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது லாசன் அடுத்துச் செய்தது. இதே சோதனையைப் பள்ளி இறுதி மாணவர்களிடமும் கல்லூரி முதலாண்டு மாணவர்களிடமும் வைத்தார். அங்கே இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. அப்படியானால் தீர்வை முன்வைத்து அதன் மூலம் பிரச்சினையை அறிகிற வழக்கம் பிறவிக்குணம் என்று சொல்ல முடியாது. பயிற்சியிலிருந்து வருவதாகவே கொள்ள வேண்டும். பயிற்சியில் வருவது பள்ளியிலும் வரலாம். ‘இவனுக்குக் கைவாக்கு உண்டு, அவளுக்கு இல்லை’ என்று ஆறாம் வகுப்பிலேயே பிரித்துவிடும் நம் பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

1990-இல் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ கட்டாயப் பாடமாக நுழைந்தது. அதற்குச் சற்று முன்பு, மாணவர்களின் வடிவமைப்புத் திறனை அளக்கும் பெரிய ஆய்வு ஒன்றை லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ரிச்சர்ட் கிம்பெல் குழுவினர் நடத்தினார்கள். 15 வயதினர் ஏறக்குறைய 10,000 பேர் அதில் பங்கேற்றார்கள். தொண்ணூறு நிமிடத்தில் ஒரு சிக்கலைக் கையாண்டு வரைந்தும் எழுதியும் காட்ட வேண்டும். அறிக்கை 1991-இல் வந்தது.

அந்தக் குழு முதலில் ஒரு பழக்கத்தோடு சண்டை போட வேண்டியிருந்தது. பள்ளிகளில் வடிவமைப்பு ஏற்கெனவே ஒரு நேர்கோட்டுப் படிவரிசையாகிப் போயிருந்தது: பிரச்சினையைக் கூறு, தகவல் திரட்டு, பல யோசனைகளை வரை, ஒன்றைத் தேர்ந்தெடு, செய், மதிப்பிடு. ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண். பிள்ளைகள் புத்திசாலிகள். முதலில் பொருளைச் செய்து முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து ‘என் ஆரம்ப யோசனைகள்’ என்று மூன்று படங்களை வரைந்து கோப்பில் வைத்தார்கள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு விடையைத் தெரிந்துகொண்டு பின்னோக்கி ரீடிங் எழுதிய ரெக்கார்டு நோட்டு நமக்கு இருக்க, இதை நாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கிம்பெல் குழு அந்த ஏணியைத் தூக்கி எறிந்தது. மனத்தில் மங்கலாக ஒன்று தோன்றுகிறது; கை அதைத் தாளில் போடுகிறது; தாளில் கண்டது மனத்தில் இருந்ததைத் திருத்துகிறது; திருத்தியதைக் கை மறுபடி செய்கிறது. மனமும் கையும் இப்படி மாறி மாறிப் பேசுவதே வடிவமைப்பு என்று அவர்கள் மாதிரி வகுத்தார்கள். இதில் முதல் படி, ஐந்தாம் படி என்று எதுவும் கிடையாது.

இவ்வளவு தெளிவு கிடைத்த நாட்டிலேயே அந்தப் பாடம் தேய்ந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2004-இல் 14 வயதுக்கு மேல் அது கட்டாயமில்லை என்றானது. 2010-க்குப் பிறகு பள்ளிகளின் தரத்தை அளக்க அரசு கொண்டுவந்த பாடத்தொகுப்பில் அதற்கும் இடம் கிடைக்கவில்லை, கலைக்கும் கிடைக்கவில்லை. இன்று 16 வயதுத் தேர்வில் அதை எழுதுவோர் 2000-களின் தொடக்கத்தில் இருந்தவர்களில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பட்டறையும் பொருளும் ஆசிரியரும் செலவு பிடிக்கும் விஷயங்கள். கணக்கில் வராத பாடத்துக்கு எந்தத் தலைமையாசிரியர் செலவழிப்பார்?

ஒரு நாடு அனுபவித்துக் கைவிட்ட அந்த ஏணிதான் இப்போது வண்ண வண்ண வட்டங்களாக மறுபிறவி எடுத்து நம்மிடம் வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வடிவமைப்புப் பள்ளியிலிருந்து உலகெங்கும் பரவிய ஐந்து சொற்கள்: பரிவுகொள், வரையறு, யோசி, மாதிரி செய், சோதி. தொழில் நிறுவன மேலாளர்களின் பயிலரங்குகளுக்கு இது வசதியான வாய்ப்பாடு. ஸ்டான்ஃபோர்டுக்காரர்களும் இதை இதே வரிசையில்தான் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் சார்ட் பேப்பரில் ஒட்டிய அம்புக்குறிக்கு அந்த நிதானம் கிடையாது. நியூயார்க்கின் பெண்டகிராம் வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த நடாஷா ஜென் 2017-இல் ஓர் உரையில் இதைக் கடுமையாகத் தாக்கினார். வடிவமைப்பாளர் கூட்டத்தில் அன்றாடம் நடக்கும் ஒரு காரியம் இந்த ஐந்திலும் இல்லை என்பது அவருடைய முக்கியக் குற்றச்சாட்டு. செய்ததைச் சுவரில் மாட்டி, சுற்றி நின்று, எது நிற்கிறது எது விழுகிறது என்று பலரும் பேசுவதே அந்தக் காரியம்.

ஓவிய வகுப்புக்கு உரிமையான சொத்து அது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புராஜெக்ட் ஜீரோ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த லோயிஸ் ஹெட்லண்ட், எலன் வின்னர் முதலியோர் பாஸ்டன் வட்டாரத்தின் இரண்டு கலைப் பள்ளிகளில் ஐந்து ஆசிரியர்களின் வகுப்புகளை ஓராண்டு பார்த்துப் பதிவுசெய்து 2007-இல் நூலாக்கினார்கள். நல்ல ஓவிய வகுப்பின் அமைப்பில் அவர்கள் மூன்று கூறுகளைக் கண்டார்கள்: ஆசிரியர் செய்துகாட்டுவது, மாணவர் வேலை செய்ய ஆசிரியர் இடையே நடந்து பேசுவது, கூடி விமரிசிப்பது. உற்றுநோக்குதல், மனத்தில் காணுதல், சோர்வின்றித் தொடர்தல் போன்ற எட்டு மனப்பழக்கங்கள் இவற்றின் வழியே வளர்வதாகச் சொன்னார்கள். இதே வின்னரும் ஹெட்லண்டும் அதற்கு முன்பு, கலை படித்தால் கணக்கு மதிப்பெண் கூடும் என்ற பிரபலமான நம்பிக்கைக்குப் போதிய ஆதாரமில்லை என்று காட்டியவர்கள். ஆகவே அவர்கள் சொல்லும்போது எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

பொருளைத் தொடாமல் வடிவமைப்பு இல்லை என்பதற்கு யோசஃப் ஆல்பர்ஸின் வகுப்பைப் பார்க்கலாம். ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் 1923 முதல் தொடக்க வகுப்பு எடுத்தவர். அதற்கு முன்பு தொடக்கப் பள்ளி வாத்தியார். 1920-களின் இறுதியில் அவரிடம் படித்த ஹான்னஸ் பெக்மன் பதிவு செய்த முதல் நாள் வகுப்பு இப்படி நடந்தது. ஆல்பர்ஸ் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளோடு வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். இதை இப்போது இருப்பதைவிடக் கூடுதலான ஒன்றாக்குங்கள், தாளின் தன்மையை மதியுங்கள், கத்தியும் பசையும் இல்லாமல் முடிந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கோட்டை, விமானம், படகு எல்லாம் தயாராக இருந்தன. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று ஒதுக்கினார். தாளை நீளவாக்கில் மடித்து நிற்க வைத்திருந்தார் ஒரு மாணவர், பார்வைக்கு ஒன்றுமில்லை. அதைத்தான் அவர் எடுத்துப் பேசினார். படுத்தே கிடக்கும் தாள் நின்றுவிட்டது. மடிப்பு அதற்கு முதுகெலும்பாகிவிட்டது. இரண்டு பக்கமும் தெரிகிறது. யாரும் கவனிக்காத விளிம்புக்கு வேலை வந்துவிட்டது.

இந்த வகுப்புக்குத் தேவைப்பட்ட பொருள் பழைய பேப்பர்க்காரரிடம் கிலோ கணக்கில் கிடைப்பது. அதைவிட முக்கியம், ஆல்பர்ஸ் முன்மாதிரி எதையும் காட்டவில்லை. நம் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு ‘இதுபோல வேறு எதையாவது யோசித்து வரையுங்கள்’ என்கிறார். ஜான்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டுகிறது. பொறியியல் படிப்பவர்களிடம் சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள்; உறிஞ்சுகுழல் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் மாதிரிக்கென்று ஒரு படம் தரப்பட்டது. அந்தப் படத்தில் உறிஞ்சுகுழல் இருந்தது. படம் பார்த்தவர்கள் தடையை மீறி உறிஞ்சுகுழலை வைத்தார்கள், படம் பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக. எடுத்துக்காட்டு மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. பொறியியல் மாணவர்களுக்கே இப்படியென்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையை எப்படி மீறும்?

நம் வகுப்புக்கு ஏற்ற வேலை ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி வாசலில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அம்மாவுக்கு ஒரு விலைப் பலகை. பிள்ளைகள் முதலில் அவரிடம் போய்ப் பேச வேண்டும். விலை தினமும் மாறும், மழையில் சாக்பீஸ் அழியும், மாலையில் வெளிச்சம் குறையும், வாங்க வருபவர்களில் பலருக்குக் கண்ணாடி இல்லை என்பது அங்கேதான் தெரியும். வரம்புகள் கைக்கு வந்துவிட்டன. முதல் முயற்சியில் பெரும்பாலானோர் பலகை நிறையத் தக்காளி வரைவார்கள் என்று பந்தயம் கட்டலாம். அதைத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் பிடித்துக்கொண்டு மறுகோடியில் நின்று பார்த்தால் எண் தெரியாது. அந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது: எழுத்தின் பருமன், எழுத்துக்கு இடையே விடும் வெளி, மஞ்சள் மேல் வெள்ளை ஏன் மறைகிறது, ‘கால் கிலோ’ என்பதை எப்படிச் சுருக்குவது. இரண்டாம் பலகை வரும். சாத்தியமானால் மூன்றாவதும். ‘பரிவுகொள்’ என்று சுவரில் எழுதிப்போட வேண்டிய தேவையே இதில் எழாது.

மதிப்பெண் எப்படிப் போடுவது? கூறுகூறாகப் பிரித்து மதிப்பெண் போட்டால் ரெக்கார்டு நோட்டு திரும்பி வந்துவிடும். இதற்கும் கிம்பெல் பின்னாளில் ஒரு வழியை முன்வைத்தார். தர்ஸ்டன் என்ற உளவியலாளர் 1927-இல் சொன்ன ஒப்பீட்டுக் கொள்கை அதன் அடிப்படை. இரண்டு வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மேல் என்று மட்டும் ஆசிரியர் சொல்கிறார். பல ஆசிரியர்கள் பல ஜோடிகளைப் பார்த்த பின் கணினி தரவரிசையைக் கணக்கிடுகிறது. தனித்தனியாக மதிப்பெண் போடுவதைவிட ஆசிரியர்களின் தீர்ப்புகள் இதில் நன்றாக ஒத்துப்போயின. பக்கத்து மூன்று பள்ளிகளின் ஓவிய ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை கூடினால் கணினி இல்லாமலே இதில் பாதியைச் செய்துவிடலாம்.

ஆனால் கூடுவதற்கு ஓவிய ஆசிரியர் இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. பகுதிநேரம் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து 16,549 பேர் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் சிறிது சிறிதாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் போராடுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. இதே காலத்தில் ஒன்றிய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு; முப்பரிமாண அச்சுப்பொறியும் மின்னணுக் கருவிகளும் அதில் வருகின்றன. இரண்டும் வெவ்வேறு தலைப்பில் ஒதுக்கப்படும் பணம் என்பது உண்மைதான். ஆனால் அரசு வடிவமைப்பை எங்கே தேடுகிறது என்பதை இந்த இரண்டு தொகைகளும் காட்டிவிடுகின்றன.

இந்தியாவில் ஒரு நல்ல எடுத்துக்காட்டாக அகமதாபாத் ரிவர்சைடு பள்ளியைச் சொல்வார்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த கிரண் பீர் சேத்தி 2001-இல் தொடங்கியது. அங்கிருந்து 2009-இல் கிளம்பிய இயக்கம் உணர், கற்பனை செய், செயல்படு, பகிர் என்ற நான்கு சொற்களோடு பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. பிள்ளைகள் தங்கள் தெருவின் பிரச்சினையைத் தாங்களே எடுத்துத் தீர்க்கும் அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் சமூகச் செயல்பாடு. கோடு, எழுத்து, நிறம், பொருள் ஆகியவற்றில் கை தேர்வது வேறு வேலை. அந்த வேலைக்கு ஓவிய ஆசிரியர் வேண்டும். விளம்பரப் பலகை எழுதிப் பழகிய கையோடு பள்ளிக்கு வந்த ஓவிய ஆசிரியர்கள் நம்மிடம் உண்டு. எழுத்தின் பருமனைப் பற்றி எந்தப் பயிலரங்க நிபுணரைவிடவும் அவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும்.

எனவே பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்க வேண்டியது மூன்றே. வடிவமைப்புச் சிந்தனைக்குத் தனிப் பாடநூல் வேண்டாம். வாரத்தில் சிதறிக் கிடக்கும் ஓவியப் பாடவேளைகளை ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்து, அவற்றைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்க முடியாதபடி செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஓவிய ஆசிரியர் பணியிடங்களை முழுநேரச் சம்பளத்தில் நிரப்புங்கள்.